ஏரிக்கரையில் எட்டு நடை

அவசர ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போய் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். 'நிதானம்' என்று கேட்டால்தான் மூன்றாவது வரிசையின் கடைசி நாற்காலியைக் காட்டுவார்கள். பத்தொன்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுத்தவர். மறுமுனையில் வீடு பற்றி எரியட்டும், பிரசவ வலியில் ஒருத்தி அலறட்டும், இவர் குரல் இம்மி பிசகாது. "சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். முதல்ல எங்க இருக்கீங்க, அதைச் சொல்லுங்க" என்று, அடுத்த வீட்டுக்காரரிடம் செய்தித்தாள் இரவல் கேட்கிற தோரணையில் ஆரம்பிப்பார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இவர் பேசிய பதிவுகளைத்தான் போட்டுக் காட்டிப் பாடம் நடத்துவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் மூன்று மாதமாகப் போனைத் தொடவில்லை. ஆபீஸ் போன் என்றில்லை, எந்தப் போனையும் தொடவில்லை. வீட்டில் மணி அடித்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். அவருடைய கைபேசி அணைத்தபடியே சட்டைப் பையில் கிடந்தது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருந்த அவர் மனைவிதான் எல்லா அழைப்பையும் எடுத்து, "குளிக்கறாருங்க, வந்ததும் பேசச் சொல்றேன்" என்று கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை குளிக்கிறவர் என்று சொந்தபந்தத்தில் பேரே கிளம்பிவிட்டது.

ஒரே ஒரு அழைப்புக்குப் பிறகுதான் இப்படி ஆனார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்த அழைப்பில் என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான அதிகாரி, எல்லோருக்கும் ஷிஃப்ட் மேடம், பதிவைப் போட்டுக் கேட்டார்; அவருக்கும் ஒரு தவறும் தட்டுப்படவில்லை. கடைசியில் ஷிஃப்ட் மேடமே மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டி ஒரு கடிதம் வாங்கி அனுப்பினார். ஒரு மனநல ஆலோசகரோடு எட்டு அமர்வு. எட்டு முடிந்ததும் ஆலோசகர் கையெழுத்துப் போட்டால் பழைய நாற்காலி. போடாவிட்டால் பதிவேட்டுப் பிரிவு, அதாவது ஆயுசு முழுக்க அலமாரிகளோடு குடித்தனம். நிதானத்துக்கு அந்த நாற்காலி வேண்டும். அதை விட்டால் தனக்கு வேறெதுவும் தெரியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் போன் மணி அடித்தால் கை மரத்துப்போகிறது. அதை என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

கடிதத்தில் இடம் என்று போட்டிருந்ததைப் படித்து மனைவி சிரித்தேவிட்டாள்.

"ஏரிக்கரைப் பூங்கா, ரெண்டாவது வாசல். ஏங்க, மரத்துக்கு நடுவுல நடக்கறதுக்கெல்லாமா ஆபீஸ்ல லெட்டர் குடுக்கறாங்க?"

"தப்பா டைப் பண்ணியிருப்பாங்க" என்றார் அவர். போய்ப் பார்த்தால், தப்பு இல்லை.

ஆலோசகர் ஐம்பது தாண்டிய உயரமான அம்மாள். தலையில் பெரிய ஓலைத் தொப்பி, காலில் ஓடுகிறவர்கள் போடுகிற காலணி, இடது முழங்காலில் ஒரு பட்டை. கையில் பேனாவும் இல்லை, குறிப்பேடும் இல்லை. வணக்கம் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். நிதானமும் பக்கத்தில் நடக்க வேண்டியதாயிற்று.

"ரூம்ல உட்கார்ந்தா நீங்க என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே பேசணும் சார். நான் என்ன நினைக்கறேன்னு அதுல தேடிக்கிட்டே இருப்பீங்க. இங்க ரெண்டு பேரும் முன்னாடி பார்த்து நடந்துடலாம். பாதை பிரியற இடத்துல எந்தப் பக்கம்னு நீங்க முடிவு பண்ணுங்க. நிக்கணும்னா நில்லுங்க. திரும்பணும்னாலும் சரி, திரும்பிடலாம்."

"மழை வந்தா மேடம்?"

"நனைவோம்."

சரி, சமாளித்துவிடலாம் என்று நிதானம் நினைத்தார். எட்டு வாரம் பிடிகொடுக்காமல் நடந்தால் முடிந்தது. பேச வேண்டிய இடத்தில் பேசி, தலையாட்ட வேண்டிய இடத்தில் ஆட்டி, கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம். போன் விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் நடையில் ஏரிக்கரையோடு போனார்கள். "எத்தனை வருஷமா மேடம் இப்படி வெளியில நடக்கறீங்க?" என்று மரியாதைக்குத்தான் கேட்டார். "பதினோரு வருஷம்" என்றார் அவர், காரணத்தையும் சொன்னார். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், பகலிலும் டியூப்லைட் எரிகிற ஒரு அறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தாராம். வருகிறவர்கள் எல்லோரும் பேசுகிற நேரம் முழுக்கக் கதவுக் கைப்பிடியையே பார்ப்பார்களாம். ஒரு நாள் ஒருத்தரை வாசல் வரை கொண்டுவிட எழுந்து போனாராம். உள்ளே ஒரு மணி நேரம் ஊமையாக இருந்த ஆள், வாகனம் நிறுத்துமிடத்தைத் தாண்டுவதற்குள் மொத்தக் கதையையும் சொல்லி முடித்துவிட்டாராம். அடுத்த வாரமே அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் மேடத்துக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.

"அப்படியா... சரி... அப்புறம்?" என்றார் நிதானம்.

இரண்டாவது நடையில் மூங்கில் புதர்ப் பக்கம் போனார்கள். அன்றைக்கு நிதானத்துக்கு ஆலோசகரின் முழங்கால் அறுவை சிகிச்சைக் கதை முழுக்கக் கிடைத்தது. பன்னிரண்டு வயதில் நாய் கடித்தது, அதிலிருந்து நாய்க்குட்டியைக் கண்டாலும் அந்த அம்மாளுக்கு உடம்பு நடுங்குகிறது என்பதும் தெரிந்தது. மூன்றாவது நடையில் தங்கை விஷயமே வந்துவிட்டது. இறந்துபோன அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்று அக்காவும் தங்கையும் போட்ட சண்டையில் பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மெஷின் என்னவோ இரண்டு பேரிடமும் இல்லை, பழைய சாமான்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதைச் சொல்லும்போது ஆலோசகரின் குரல் கம்மியது. நிதானம் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கி, "நான் இருக்கேன் மேடம், அவசரமே இல்லை, மெதுவா சொல்லுங்க" என்றார். சத்தியமாக அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம், வாய் தானாக வேலை பார்த்தது.

நான்காவது நடையில், ஓடைப் பாலத்தின் மேல், ஆலோசகர் சட்டென்று நின்றார்.

"சார், ஒரு நிமிஷம். மூணு வாரமா யாரு பேசிட்டு வர்றா?"

"நீங்கதான் மேடம்."

"நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"நான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று பாலத்துக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. நிதானம்தான் கீழே இறங்கி எடுத்துக்கொண்டு வந்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ் சார். என் வாயை இதுவரைக்கும் ஒருத்தரும் இப்படிப் பிடுங்கினதில்லை. தங்கச்சி சமாசாரம் என் வீட்டுக்காரருக்கே பாதிதான் தெரியும். நேத்து ராத்திரி சாப்பிடும்போதுதான் எனக்கு உறைச்சுது, இவரைப் பத்தி நமக்கு இன்னும் ஒண்ணுமே தெரியலையேன்னு. வெட்கமா போச்சு."

வேறு யாராக இருந்தாலும் இதை மூடி மறைத்திருப்பார்கள். எல்லாம் என் முறைதான், உங்களைப் பழக்கத்தான் பேசினேன் என்று ஒரு அளப்பு அளந்திருப்பார்கள். படித்தவர்களுக்கு அதற்கெல்லாம் சொல்லியா கொடுக்க வேண்டும்? இந்த அம்மாள் ஏமாந்ததை ஏமாந்தேன் என்று நடுப்பாலத்தில் நின்று ஒத்துக்கொண்டார். அந்த நிமிஷத்தில் நிதானத்துக்கு அவர் மேல் மரியாதை வந்தது. ஆனாலும் கிடைத்த சந்தர்ப்பத்தை விட மனமில்லை.

"அப்ப நான் நல்லாதானே இருக்கேன் மேடம்? இப்பவே கையெழுத்து போட்டுடலாமே."

"போட மாட்டேன். உங்களுக்கு வேலை தெரியும்னு எனக்கு யாரும் நிரூபிக்க வேண்டாம். அந்த வேலையைக் கொஞ்ச நேரம் கீழ வைக்கத் தெரியுமான்னுதான் எனக்குச் சந்தேகம்."

ஐந்தாவது வாரம் முந்தின நாள் பெய்த மழையில் பாதை சொதசொதவென்று கிடந்தது. வாசலிலேயே ஆலோசகர் சட்டம் போட்டுவிட்டார்.

"இன்னைக்கு நீங்க என்னை ஒரு கேள்விகூடக் கேக்கக் கூடாது. கண்ணுல படறதை மட்டும் சொல்லிக்கிட்டே வாங்க. கேக்கறது என் பொறுப்பு. சரியா?"

"ஏன் மேடம்?" என்று உடனே கேட்டுவிட்டார். ஆலோசகர் விரலை உயர்த்திக் காட்டியதும் அசடு வழிந்தார்.

"என்ன தெரியுது சார்?"

"பாதை."

"அப்புறம்?"

"ஒரு பெஞ்ச். குப்பைத் தொட்டி. போர்டு. 'மீன் பிடிக்கக் கூடாது'ன்னு போட்டிருக்கு. இன்னொரு போர்டு, 'மூன்றாவது வாசல் இருநூறு மீட்டர்'."

"போர்டை விடுங்க. வேற?"

"மரம்."

"என்ன மரம்?"

"பெரிய மரம்."

சொன்ன வாய் அப்படியே நின்றது. காலும் நின்றது. இந்தக் கேள்வியையும் இந்தப் பதிலையும் அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார், சொல்லுக்குச் சொல், இதே வரிசையில். அன்றைக்குக் கேள்வி அவருடையது. பதில் ஒரு குழந்தையுடையது. பாதையோரத்தில், ஈர மண்ணில், அப்படியே குந்திவிட்டார்.

ஆலோசகருக்கு அவர் ஏன் உட்கார்ந்தார் என்று தெரியாது. அந்தக் கேள்வியை வேண்டுமென்று கேட்கவும் இல்லை. எல்லாம் தற்செயல் என்று பிறகு அவரே சொன்னார். ஆனால் அதற்கு மேல் அவர் செய்தது எதுவும் தற்செயல் அல்ல. என்ன ஆச்சு என்று பதறவில்லை, தோளைத் தட்டவில்லை, தண்ணீர் பாட்டிலை நீட்டவில்லை. பட்டை போட்ட முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்லத் தன்னை இறக்கி அவர் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தார். அவரைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஓடிக்கொண்டிருந்த இரண்டு பேர் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருபது நிமிஷம் போயிருக்கும். நிதானம் பேச ஆரம்பித்தார்.

"ஒரு பொண்ணு. ஆறு, ஏழு வயசு இருக்கும். மத்தியானம் ரெண்டே கால். 'அம்மா எந்திரிக்க மாட்டேங்கறாங்க'ன்னா. எங்க இருக்கேன்னு கேட்டேன். 'வீட்ல'ன்னா."

அந்த நேரம் பார்த்து ஒரு நாய் வந்தது. சின்ன நாய்கூட இல்லை, கன்றுக்குட்டி உயரம். ஏரியில் விழுந்து எழுந்து சொட்டச் சொட்ட வந்த அது, உட்கார்ந்திருந்த ஆலோசகரின் தொப்பியை மோந்தது, காதை மோந்தது, தோளில் ஒரு காலை வைத்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார், சேற்றில் ஊன்றிய கைவிரல்கள் மண்ணுக்குள் போயின. ஆனால் ஒரு சத்தம் வரவில்லை, ஒரு அங்குலம் நகரவில்லை. பக்கத்தில் ஒருவர் நான்கு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்திருக்கிறார், அது மூடிவிடக் கூடாது என்பதுதான் காரணம். நாயின் சொந்தக்காரர் தூரத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்து இழுத்துக்கொண்டு போகிற வரை அப்படியே இருந்தார். நிதானம் பத்தொன்பது வருஷமாக எத்தனையோ தைரியசாலிகளின் குரலைக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தைரியத்தைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"குடிவந்து நாலு நாள்தான் ஆச்சாம்" என்று தொடர்ந்தார். "தெரு பேரு தெரியல. போனை வச்சு இடத்தைத் தேடினா கம்ப்யூட்டர் பெரிய வட்டமா காட்டுது. அதுக்குள்ள நாற்பது தெரு. ஜன்னல் வழியா பாரு கண்ணு, என்ன தெரியுதுன்னு கேட்டேன். மரம்னா. என்ன மரம்னேன். பெரிய மரம்னா. கடை ஏதாவது தெரியுதா? இல்ல அங்கிள், பஞ்சு பறக்குதுன்னா. போர்டு ஏதாவது? ரோடெல்லாம் வெள்ளையா பஞ்சா இருக்குன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா மேடம்? மரத்தை விடுடா கண்ணு, போர்டு இருக்கான்னு பாருன்னேன். அன்பாதான் சொன்னேன். எங்க கேள்வி அட்டையில கடை இருக்கு, போர்டு இருக்கு, கோயில், பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப் எல்லாம் இருக்கு. மரம் இல்ல. அவ திரும்பத் திரும்ப மரத்தைச் சொன்னா. நான் திரும்பத் திரும்ப மரத்தை விடுன்னேன். ஏழு நிமிஷம்."

கடைசியில் அந்தக் குழந்தை மேசை மேல் ஒரு கடித உறையைக் கண்டுபிடித்து எழுத்துக்கூட்டி விலாசத்தைப் படித்தது. வண்டி போனது. ஆட்கள் உள்ளே நுழைகிற சத்தம் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதுதான் அங்கே விதி. வண்டி போய்ச் சேர்ந்ததும் துண்டித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுக்க வேண்டும். பிழைத்தார்களா, போனார்களா என்று ஒருபோதும் விசாரிக்கக் கூடாது. விசாரிக்க ஆரம்பித்தால் ஒருத்தரும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

மறுநாள் அந்த வண்டியின் ஓட்டுநர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "அட, பஞ்சு மரத் தெருவா அது! இந்தப் பக்கமே அந்த ஒரு மரம்தான். அதைச் சொல்லியிருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போயிருப்பேனே." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நிதானம் டீயைக் குடித்து முடித்து, நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முதல் மணி அடித்தது. கை எழும்பவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது மனைவி காற்சட்டையைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"எங்க விழுந்தீங்க?"

"விழல. உட்கார்ந்தேன்."

"சேத்துலயா?"

"ரெண்டு பேரும்தான்."

"அந்தம்மாவுமா!" என்று வாயில் கை வைத்தாள். பிறகு அவர் மண் காற்சட்டையோடு சமையலறை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னார். இரண்டாவது தடவை சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள், மாட்டினாள், மறுபடியும் கழற்றினாள். "நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்லங்க" என்றாள். பெண்டாட்டி வேறென்ன சொல்வாள்? அவருக்கு அது காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை.

ஆறாவது நடையில் அதையே ஆலோசகரிடமும் எதிர்பார்த்துத்தான் போனார். அவரும் அப்படியே சொல்லிவிட்டால் தலையாட்டிவிடலாம் என்று தயாராக இருந்தார்.

"அடுத்தவங்க சொல்றதைக் கேக்கறதுதான் மேடம் என் வேலை. நான் கேக்கல."

ஆலோசகர் நடையை மெதுவாக்கினார்.

"ஆமா சார்" என்றார். "அந்த ஏழு நிமிஷம் நீங்க கேக்கல."

இப்படியும் ஒரு ஆலோசகர் உண்டா என்று கேட்பீர்கள். நிதானமும் அப்படித்தான் திகைத்தார். ஆனால் நான்கு மாதமாக அவர் ஒருவரே தூக்கிக்கொண்டு அலைந்த ஒன்றை, ஆமாம், இருக்கிறது, நானும் பார்க்கிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டார். ஷிஃப்ட் மேடம் தப்பே இல்லை என்றார், மனைவி தப்பே இல்லை என்றாள், பதிவும் தப்பே இல்லை என்றது. அத்தனை பேரும் சேர்ந்து அவரைத் தனியாக விட்டுவிட்டார்கள். இந்த அம்மாள்தான் பக்கத்தில் வந்து நின்றார். வாசலுக்கு வந்ததும் நிதானம் கை கூப்பினார். அவர் வழக்கமாகக் கை கூப்புகிறவர் அல்ல.

ஏழாவது நடையில் அவருக்கு ஒரு புது வேகம் வந்துவிட்டது.

"இந்த மரத்தோட பேரெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுங்க மேடம். எல்லாத்தையும் கத்துக்கணும்."

"எனக்கா? எனக்கு எப்படி சார் தெரியும்?"

"பதினோரு வருஷமா இங்கதானே நடக்கறீங்க!"

"நடக்கறேன். எல்லாம் பச்சையா இருக்கு, நல்லா இருக்கு. வாழை மரம் பார்த்தா தெரியும், அதுவும் மரமே இல்லைன்னு யாரோ சொல்லிட்டாங்க."

நிதானம் வாய்விட்டுச் சிரித்தார். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. பிறகு அவரே சொன்னார், பேர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, அந்தக் குழந்தைக்கும் பேர் தெரியாது, பஞ்சு பறக்கிறது என்பதுதான் தெரியும், அதையாவது பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம் கேட்டிருக்கலாம் என்று. பாதை பிரிகிற இடத்தில் நிதானம் இதுவரை போகாத பக்கம் திரும்பினார். அது சுற்றிக்கொண்டு மூன்றாவது வாசலில் கொண்டுபோய் விட்டது. இரண்டு பேரும் வெயிலில் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக நடந்து இரண்டாவது வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். முழங்காலைப் பற்றி அந்த அம்மாள் மூச்சுவிடவில்லை.

எட்டாவது நடை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆலோசகர் படிவத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தார். அது இருக்கிறது என்பது நிதானத்துக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது ஆலோசகருக்கும் தெரியும். மூங்கில் புதரைத் தாண்டி, பெஞ்சுகூட இல்லாத ஒரு திருப்பத்தில் நிதானம் நின்றார். முந்தின ராத்திரி சார்ஜ் போட்டு வைத்திருந்த கைபேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நனையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது.

ஆலோசகர் பார்த்தார். எட்டுப் பத்து அடி முன்னால் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

மறுமுனையில் மணி அடிக்கிற சத்தத்தை இந்தப் பக்கத்திலிருந்து கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு மணிக்கும் இடையில் இத்தனை இடைவெளியா என்று தோன்றியது. போனை மற்றக் கைக்கு மாற்றினார்.

"ஹலோ" என்றார் ஷிஃப்ட் மேடம். "சொல்லுங்கம்மா, இன்னும் குளிக்கறாரா?"

"நான்தான் மேடம்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"நிதானமா? நீங்களேவா பேசறீங்க?"

"ஆமா மேடம். திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்ல என் பேரைப் போட்டுக்குங்க."

"லெட்டர்?"

"கேட்டு வாங்கணும். நீங்க முதல்ல பேரை எழுதுங்க."

"இருங்க, இருங்க... எழுதிட்டேன்."

"பேனாவுலயா?"

"பேனாவுலதான். என்ன விஷயம்?"

"இப்ப ஒண்ணு கேக்கணும். கேக்கக் கூடாததுதான். நீங்க விசாரிச்சு வச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்." போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அந்தப் பொண்ணோட அம்மா என்ன ஆனாங்க?"

ஷிஃப்ட் மேடம் உடனே பேசவில்லை. பத்தொன்பது வருஷமாக மறுமுனை மௌனங்களை எடை போட்டவர் நிதானம். எந்த மௌனத்தில் தேடுகிறார்கள், எதில் மயங்குகிறார்கள், எதில் அழுகையை அடக்குகிறார்கள் என்று அத்துப்படி. இந்த மௌனம் முடிவதற்குள் அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"போயிட்டாங்க" என்றார் ஷிஃப்ட் மேடம். "ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாங்க, அப்புறம் போயிட்டாங்க. முன்னாடியே வண்டி போயிருந்தா பொழைச்சிருப்பாங்களான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், சொல்ல முடியாதுன்னாரு. உங்ககிட்ட மழுப்ப எனக்கு மனசு வரல."

"பொண்ணு?"

"பெரியம்மா வீட்ல இருக்கா. ஸ்கூலுக்குப் போறாளாம்."

தூறல் வலுத்தது. ஷிஃப்ட் மேடத்தின் குரல் தணிந்து வந்தது.

"கேக்கறீங்களா? இல்ல... பேரை அடிச்சுடட்டுமா?"

நிதானம் முகத்தில் வழிந்த மழைத்தண்ணீரைத் துடைத்தார்.

"வேண்டாம் மேடம். இருக்கட்டும். ஆறு மணிக்கு வந்துடறேன்."

சொல்லும்போதே குரல் இரண்டாக உடைந்து, கடைசிச் சொல் கேட்டும் கேட்காமலும் போயிற்று. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் குரல் உடைந்து ஷிஃப்ட் மேடம் கேட்டதே இல்லை. "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரே போனை வைத்துவிட்டார்.

ஆலோசகர் திரும்பி வந்தார். அவர் முகத்தைப் பார்த்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. கைப்பையிலிருந்து உறையையும் பேனாவையும் எடுத்து, படிவத்தை உருவினார். சுற்றுமுற்றும் பார்த்தார், வைத்து எழுத அங்கே ஒன்றும் இல்லை.

"திரும்புங்க சார்" என்றார்.

நிதானம் திரும்பிக் குனிந்து நின்றார். தொப்பியைக் கழற்றித் தாள் நனையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவர் முதுகில் படிவத்தை வைத்து ஆலோசகர் எழுதினார். தகுதி உண்டு என்பதை வட்டமிட்டார். பெயரை எழுதினார். கையெழுத்துப் போடும்போது அந்த முதுகு குலுங்க ஆரம்பித்துவிட்டது. நிற்கும் என்று கொஞ்ச நேரம் பார்த்தார், நிற்கவில்லை. குலுங்கக் குலுங்கவே போட்டார். எழுத்து மேலும் கீழும் இழுத்துக்கொண்டு, யாரோ சின்னப் பிள்ளை கிறுக்கினது போல விழுந்தது. உறைக்குள் இன்னொரு வெற்றுப் படிவம் இருந்தது. ஆலோசகர் அதை எடுக்கவில்லை, கோணல் கையெழுத்தையே நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தார்.